டோக்கியோ, கியோட்டோவில் உயர்தர ஜப்பானிய உணவகம்: நாலு பேரில் ஒருத்தர் சுத்த சைவம், எதைப் பிடிப்பது?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். நவம்பர் இரண்டாம் பாதியில் நானும் மனைவியும் அப்பா அம்மாவோடு ஜப்பான் போகிறோம். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக டோக்கியோ. அங்கே 4 இரவு, கியோட்டோவில் 3 இரவு. பயணம் முழுக்க ஒரே ஒரு பெரிய சாப்பாடு, தலைக்கு 40,000 யென் வரை. கூடவே ஒரு நல்ல மதியச் சாப்பாடு, தலைக்கு 15,000 வரை. மற்ற வேளைக்கு ரயில் நிலையக் கடையும் கையில் கொண்டுபோகிற புளிக்காய்ச்சலும் போதும்.

மூணு பேர் மீன் சாப்பிடுவோம். மாடு, பன்றி யாருக்கும் ஆகாது. அம்மா சுத்த சைவம். முட்டையும் கிடையாது, பால் தயிர் உண்டு. அப்பாவுக்கு முட்டி வலி, சம்மணம் போட்டு உட்கார முடியாது.

இதுவரை எடுத்து வைத்திருக்கும் பெயர்கள்: கியோட்டோவில் கிக்குனோய் தலைமைக் கடை, டோக்கியோவில் ரியூகின், தெம்புரா கொந்தோ (மாவில் தோய்த்துப் பொரித்துத் தரும் கடை), அதாகோ பக்கத்தில் தாய்கோ, கின்சாவில் ஒரு சுஷி (சோற்றுப் பிடியின் மேல் மீன் வைத்தது) கவுண்டர் (ஜிரோ கிடைத்தால் ஜிரோ). எல்லாமே மிஷ்லின் நட்சத்திரம் வாங்கிய பெயர்கள். எல்லாரும் எல்லாவற்றையும் புகழ்கிறார்கள். எதை வைத்துத் தரம் பிரிப்பது, எப்படிப் பதிவு செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடவாறு (தஞ்சாவூர்)

நட்சத்திரத்தைக் கொஞ்சம் ஓரமா வைங்க சார். நீங்க எழுதியிருக்கிற அஞ்சும் ஒன்னோட ஒன்னு ஒப்பிடுற கடைகளே கிடையாது. ஜப்பான்ல உயர்தரக் கடை பெரும்பாலும் ஒரே வகைச் சமையலைத்தான் செய்யும். சுஷிக்காரர் சுஷி மட்டும், தெம்புராக்காரர் தெம்புரா மட்டும். அதனால முதல்ல வகை, அப்புறம் கடை.

கிக்குனோய் 1912ல ஆரம்பிச்ச ரியோதெய். அதாவது தனி அறை, பணிப்பெண் ஒவ்வொன்னா கொண்டுவந்து வைப்பாங்க, அடுப்பு கண்ணுல படாது, ரெண்டரை மணி நேரம் ஆகும். ரியூகினும் அதே மாதிரி கைசெகிதான், அதாவது சிறு சிறு பதார்த்தமா வரிசையா வர்ற சாப்பாடு, ஆனா நவீனக் கூடம்; 2003ல ரொப்போங்கியில ஆரம்பிச்சு 2018ல ஹிபியா மிட்டவுனுக்கு மாறினது. வரி, சேவைக் கட்டணம் சேர்த்தா உங்க 40,000ஐத் தாண்டிடும், அதை இப்பவே அடிச்சிடலாம். சுஷியும் தெம்புராவும் கவுண்டர்: சமையல்காரர் எதிர்ல நின்னு கையில இருந்து தட்டுக்கு வைப்பார். தாய்கோ ஷோஜின், அதாவது பௌத்த மடத்துச் சைவச் சமையல். 1950ல ஆரம்பிச்சது, தனித்தனி அறை, வெளியே தோட்டம்.

இப்ப உங்க வீட்டுக் கணக்கு. இதைத் தீர்மானிக்கப்போறது தாஷி என்கிற ஒரு சாறு. கொம்பு என்கிற காய்ந்த கடற்பாசியை வெந்நீர்ல ஊறவச்சு எடுத்துட்டு, கட்சுவோபுஷிச் சீவலைப் போட்டு உடனே வடிகட்டினா தாஷி. கட்சுவோபுஷி என்னன்னா சூரை மீனை வேகவச்சு, புகைபோட்டு, கட்டை மாதிரி ஆகிற வரைக்கும் உலர்த்தினது. நம்ம கடைகள்ல மாசின்னு விக்கிறாங்களே, அதுவும் இதே மீன் இனம்தான். கியோட்டோக்காரங்க கொம்பைக் கொதிக்க விடமாட்டாங்க. 60 டிகிரி பக்கத்துல ஒரு மணி நேரம் வச்சிருந்து எடுப்பாங்க, கொதிச்சா வழவழப்பும் பாசி நெடியும் இறங்கிடும். சீவல் போட்ட பிறகு சில நொடிதான், அழுத்திப் பிழியவும் மாட்டாங்க. பிழிஞ்சா கசப்பும் கலங்கலும் வந்துடும்.

இந்தச் சாறு எங்கெங்கே ஒளிஞ்சிருக்கும்னு பாருங்க. மூடி போட்ட கிண்ணத்துல வர்ற சூப், வேகவச்ச காய், பச்சடி மாதிரி வர்ற கீரை, தெம்புராவுக்குத் தொட்டுக்கிற சாறு, மிசோ சூப், சில கடைகள்ல தொட்டுக்க வைக்கிற சோயா சாஸ் உட்பட எல்லாத்துலயும். தட்டுல கத்திரிக்காயும் டோஃபுவும் மட்டும் தெரியும், ஆனா மீன் உள்ள இருக்கும். ‘வெஜிடேரியன்’னு சொன்னா பல இடத்துல மீன் துண்டை எடுத்துட்டு அதே சாறுலதான் வைப்பாங்க. அவங்க ஏமாத்துறதா அர்த்தமில்ல. அங்க அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் எல்லை. காலையிலேயே ஒரு பெரிய பாத்திரத்துல தாஷி எடுத்துடுவாங்க, சாயங்காலம் மேசையில உட்கார்ந்து சொன்னா சமையல்காரரால ஒன்னும் செய்ய முடியாது. கைசெகிக் கடையில போய் தாஷி வேண்டாம்னு சொல்றது, கல்யாணப் பந்தியில உட்கார்ந்துட்டு புளியும் பருப்பும் இல்லாம சாம்பார் கேக்குற மாதிரி.

அதனால அம்மாவை வச்சுத்தான் பெரிய சாப்பாட்டை முடிவு பண்ணணும். வழி ரெண்டுதான். ஒன்னு, கைசெகிக் கடையில முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ‘கொம்பு, ஷிடாக்கே காளான் சாறுல தனியாச் செஞ்சு தர்றோம்’னு அவங்க எழுத்துல ஒத்துக்கிட்ட பிறகு பதிவு செய்யறது. ரெண்டு, ஷோஜின் கடைக்கே போயிடுறது. எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. முதல் வழியில அம்மாவுக்கு வர்றது கழிச்ச சாப்பாடு: மத்தவங்களுக்கு வர்றதுல இருந்து மீனை எடுத்த மிச்சம். அதே முப்பதாயிரம் யென் கட்டணும். ஷோஜின்ல முதல் கிண்ணத்துல இருந்து கடைசி வரைக்கும் சைவத்துக்குன்னே கட்டின வரிசை.

இன்னொன்னு, நம்ம ஊர் ஆச்சாரமான வீடுகளுக்குப் பொருந்தும்: ஷோஜின்ல வெங்காயம், பூண்டு வகைகளும் விலக்கு. எள்ளை வழவழன்னு அரைச்சு, குட்சுங்கிற கிழங்கு மாவுல கிளறி உறையவிட்ட எள் டோஃபு, சோயாப்பால் கொதிக்கிறப்ப மேல படியுற ஆடையை எடுத்துச் செய்யுற யூபா, கோதுமைப் பசையத்துல செய்யுற நாமாஃபு. எள் டோஃபுவைச் சிறு கரண்டியால வெட்டிப் பாருங்க; வெட்டுன விளிம்பு நிக்கணும், வாயில வச்சதும் கரையணும். ரப்பர் மாதிரி இழுத்தா சரியில்ல, தண்ணி விட்டா பழசு. ஷோஜின் கடையின் தரம் அந்த ஒன்னுலயே தெரிஞ்சிடும்.

எச்சரிக்கை: ஷோஜின்னு பேர் இருந்தாலும் பதிவுல ‘மீன் தாஷி கூடாது, முட்டை கூடாது’ன்னு எழுதியே ஆகணும். உணவகமா நடக்கிற சில இடங்கள் ருசிக்காக மீன் தாஷி சேர்க்கிறது உண்டு. சமையல்ல சாகேயும் மிரினும் ஊத்துறது ஷோஜின்லயும் சகஜம்; அரிசி மதுதான் அது ரெண்டும். அம்மாவுக்கு அது ஒத்துவராதுன்னா அதையும் சேர்த்து எழுதணும்.

நாகைத்துறை (நாகப்பட்டினம்)

சுஷி பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

ஜிரோவை விட்டுவிடுங்கள். கின்சாவில் சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய கட்டடத்தின் நிலவறையில் பத்தே இருக்கை. 2007 நவம்பரில் மிஷ்லின் டோக்கியோவுக்கு முதல்முறை வந்தபோதே மூன்று நட்சத்திரம். 2019 நவம்பரில் வந்த பதிப்பில் பெயரே இல்லை. தரம் குறைந்ததால் எடுக்கவில்லை. பொதுமக்கள் நேரடியாகப் பதிவு செய்ய முடியாத கடையைப் பட்டியலில் வைப்பதில்லை என்றார்கள். சைத்தோ என்கிற சுஷிக் கடையும் அதே பதிப்பில் அதே காரணத்துக்காக வெளியே போனது. நட்சத்திரத்தை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும். விலையும் உங்கள் வரம்புக்கு மேல். தவிர, அங்கே இருபது சுஷி ஒன்றன்பின் ஒன்றாக வரும், அரை மணி நேரத்தில் சாப்பாடு முடிந்துவிடும். பயணத்தின் ஒரே பெரிய சாப்பாடு என்று போகிறவர்களுக்கு அந்த வேகம் சலிப்பைத்தான் தரும்.

சுஷிக் கடைகளை ஒப்பிடும்போது மீனைப் பார்க்காதீர்கள். நல்ல கடைகள் எல்லாமே டோக்கியோவின் தோயோசு மீன் சந்தையின் அதே சில மொத்த வியாபாரிகளிடம்தான் வாங்குகின்றன. வித்தியாசம் சோற்றிலும் பக்குவத்திலும் இருக்கிறது. சோற்றுக்கு ஷாரி என்று பெயர். சாகே வடித்த மண்டியைப் பல வருடம் ஊறவைத்துக் காய்ச்சிய சிவப்பு வினிகர் போடுகிற கடையில் சோறு பழுப்பாக இருக்கும், புளிப்பில் ஒரு கனம் இருக்கும். கொழுத்த சூரைக்கு அது பொருத்தம். வெள்ளை அரிசி வினிகர் போடுகிற கடையில் வெண்மீன்களின் மென்மை தெரியும். சர்க்கரை போடுகிறவர் உண்டு, உப்பும் வினிகரும் மட்டும் போடுகிறவர் உண்டு. அந்தக் குட்டை அரிசியில் அமைலோஸ் (சோற்றை உதிரியாக வைக்கும் மாவுச்சத்து) நம் பொன்னியைவிடக் குறைவு, அதனால்தான் கையில் பிடித்தால் ஒட்டும். பிடித்த சோறு உடல் சூட்டில் இருக்க வேண்டும். ஒரு பிடிக்கு 10 முதல் 15 கிராம். விரலால் எடுக்கும்போது உதிரக் கூடாது, நாக்கில் பட்டதும் உதிர வேண்டும்.

பக்குவத்துக்குச் சோதனை மீன் கொஹாதா. மத்திக்கு உறவான சிறு மீன், முள் அதிகம், மலிவு. உப்பில் எத்தனை நிமிடம், வினிகரில் எத்தனை நிமிடம் என்பதை அன்றைய மீனின் பருமனையும் கொழுப்பையும் பார்த்து மாற்ற வேண்டும். குறைந்தால் கவிச்சி, கூடினால் ஊறுகாய். வெண்மீனைக் கொம்பு இலைகளுக்கு நடுவே வைத்து நீரை இழுத்துவிடுவது, சிவப்புச் சூரையைச் சோயாவில் ஊறவைப்பது, கடல் விலாங்கை வேகவைத்து அதன் சாற்றையே சுண்டக் காய்ச்சித் தடவுவது எல்லாம் டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த காலத்துப் பக்குவங்கள். ஒரு கடையின் படங்களைப் பார்க்கும்போது இவை இருக்கின்றனவா என்று தேடுங்கள். அதற்குப் பதில் கேவியர், ட்ரஃபிள், வாக்யூ மாட்டிறைச்சி சுஷி என்று வரிசையாக இருந்தால் அந்தக் கடை உங்களுக்கு வேண்டாம். மாடு ஆகாது என்பது ஒரு காரணம். படத்துக்காகச் செய்கிற சுஷி என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

இன்னொரு பிரிவும் உண்டு. சில கடைகள் சுஷி மட்டும் தரும். சில கடைகள் முதலில் ஏழெட்டு சிறு பதார்த்தங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு சுஷிக்கு வரும். அந்தப் பதார்த்தங்கள் சாகே குடிப்பவர்களுக்காகவே உண்டானவை. குடிக்காத குடும்பத்துக்கு சுஷி மட்டும் தருகிற மதிய வேளை நல்லது. கின்சாவில் இரவு 30,000க்கும் மேல் போகிற கடைகள் பல, மதியம் 10,000 முதல் 20,000 வரையில் முடித்துவிடும். மீன் அதே மீன், எண்ணிக்கைதான் குறைவு. முதல் முறை போகிறவர்களுக்கு கின்சா க்யூபேய் பயமில்லாத இடம். பல மாடி, இருக்கை அதிகம், வெளிநாட்டவர் பழக்கம், சில பெரிய ஓட்டல்களிலும் கிளை. குன்கான் என்கிற, கடற்பாசித் தாளைச் சுற்றுச்சுவராகக் கட்டி மேலே மீன் முட்டை போன்றவற்றை நிரப்பும் சுஷி 1941இல் அங்கேதான் பிறந்தது என்பார்கள். ரசிகர்கள் அதைச் சுற்றுலாக் கடை என்று மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அப்பாவுக்கு ‘இது வேண்டாம், அது கொடுங்கள்’ என்று கேட்க அங்கே முடியும்.

அப்பா பச்சை மீன் சாப்பிட்டதில்லை என்றால் வேகவைத்த இறால், விலாங்கு, முட்டை இவை உள்ளனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சுஷிக்குப் போடும் குருமா இறால் நம் வேதாரண்யம் பக்கத்துப் பண்ணை வன்னமெய் கிடையாது. பெரிய வரி இறால், அங்கேயே உயிரோடு வைத்திருந்து வேகவைத்துத் தருவார்கள்.

அம்மாவைச் சுஷி கவுண்டருக்கு அழைத்துப் போகாதீர்கள். எட்டு, பத்து இருக்கைதான் கடையே. சாப்பிடாமல் கூட உட்காருவதற்கு இடம் தரமாட்டார்கள், தந்தால் முழு விலை.

அரசலாறு (கும்பகோணம்)

இரண்டு பேருக்கும் நன்றி. ரியூகின், ஜிரோ இரண்டையும் எடுத்துவிட்டேன். ஒரு சந்தேகம்: தெம்புரா கொந்தோ காய்கறித் தெம்புராவுக்குப் பேர்போனது என்கிறார்களே, அங்கே அம்மாவையும் அழைத்துப் போகலாமா? அப்புறம் கிக்குனோய் தரையில் உட்காரும் இடமா?

வடவாறு (தஞ்சாவூர்)

கொந்தோ அம்மாவுக்கு ஆகாது. தெம்புரா மாவே கோதுமை மாவு, குளிர்ந்த தண்ணி, முட்டை மூணும் சேர்ந்தது. அந்தச் சட்டியில இறாலும் மீனும் பொரிச்ச அதே எண்ணெயிலதான் காயும் விழும். தொட்டுக்கிற சாறுல தாஷி. சாறை விட்டுட்டு உப்பு தொட்டுக்கலாம், ஆனா முட்டையையும் எண்ணெயையும் எப்படித் தாண்டுவீங்க?

உங்க மூணு பேருக்கு அது அருமையான மதியச் சாப்பாடு. தெம்புராவுக்கு எண்ணெய் நம்ம நல்லெண்ணெய்தான். வறுக்காத எள்ளுல பிழிஞ்சதுன்னா வாசனையே வராது, வறுத்த எள் எண்ணெயைக் கலந்தா லேசா மணக்கும். ரெண்டோட விகிதம் கடைக்குக் கடை மாறும். காய்க்குச் சூடு குறைவு, மீனுக்கு அதிகம், அதனாலதான் நல்ல கடையில ரெண்டு சட்டி. கொந்தோவுல கேரட்டை நூல் மாதிரி சீவிப் பொரிச்சது வரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பெரிய உருளையா வெட்டி அரை மணி நேரம் நிதானமாப் பொரிச்சு, எடுத்து வச்சு, உள்சூட்டுலயே மீதியை வேகவிடுவாங்க. அது கோர்ஸ்ல இல்ல, தனியாக் கேக்கணும். கடைசி நிமிஷத்துல கேட்டா நேரம் இருக்காது, உட்கார்ந்ததும் சொல்லிடுங்க.

கிக்குனோய் தலைமைக் கடையில தத்தாமி அறைகள் உண்டு, அதாவது பாய் விரிச்ச தரையில உட்காருற அறை. முட்டி வலின்னு பதிவுலயே எழுதி, மேசை நாற்காலி போட்ட அறை கேளுங்க. ‘ஹோரிகொதாத்சு’ன்னு சொன்னாங்கன்னா மேசைக்குக் கீழ கால் தொங்கப்போடக் குழி இருக்கும், உட்கார வசதி, ஆனா எழுந்திருக்கப்ப தரையில கை ஊணித்தான் எழணும். முட்டிக்கு அதுவும் கஷ்டம். நாற்காலின்னே சொல்லுங்க. அதே குடும்பத்தோட ரோஆன்னு ஒரு கடை கியோட்டோ ஊருக்கு நடுவுல இருக்கு, அங்க கவுண்டர் உண்டு, சமையலைப் பார்த்துக்கிட்டே சாப்பிடலாம்.

கியோட்டோவுல அம்மாவுக்கு மதியம் ஒன்னு: அராஷியாமாவுல தென்ரியூஜி கோயிலுக்குள்ள ஷிகெட்சு. சில ஆயிரம் யென்தான், சிவப்புச் சிறு மேசைத் தட்டுல எல்லாம் ஒரே நேரத்துல வந்துடும். தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் தனி. தரையில உட்காருற இடம், அப்பாவுக்குச் சிக்கல். பெரிய செட்டுக்கு முன்பதிவு வேணும். தைதொகுஜி வளாகத்துல இசுசென், அங்க ஒன்னுக்குள்ள ஒன்னு அடங்குற சிவப்புக் கிண்ணங்கள்ல பரிமாறுவாங்க.

மன்னை எக்ஸ்பிரஸ் (மன்னார்குடி)

பதிவு விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அதைச் சொல்றேன்.

ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால. அங்க காலை 10 மணிக்குப் பதிவு திறக்குதுன்னா இங்க காலை 6:30. பல கடைகள் ஒரு மாசம் அல்லது ரெண்டு மாசத்துக்கு முன்னால, மாசத்தோட முதல் தேதியில மொத்தமாத் திறக்கும். அஞ்சு நிமிஷத்துல தீரும். டேபிள்செக், ஒமாகாசே, தாபெலொக்னு மூணு பதிவுத் தளத்துலயும் முன்னாடியே கணக்கு ஆரம்பிச்சு, கார்டு போட்டு வைங்க. வங்கி ஆப்ல கார்டோட வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கான்னு பாருங்க, நம்ம கார்டு பாதி நேரம் அங்கதான் விழும். சில தளங்கள் இருக்கைக்குச் சேவைக் கட்டணம் தனியா எடுக்கும், கடைசித் திரை வரைக்கும் அது கண்ணுல படாது. தங்கப்போற ஓட்டல்ல கன்சியர்ஜ் (விருந்தினருக்கு உதவுற ஊழியர்) இருந்தா மின்னஞ்சல் போடுங்க, கடையோட ஜப்பான் மொழியில பேசி வாங்கித் தருவாங்க. கியோட்டோவுல தெரிஞ்சவர் அழைச்சு வராத புது ஆளை ஏத்துக்காத கடைகள் இன்னும் இருக்கு, அதுங்க பின்னாடி அலையாதீங்க. கிக்குனோய் அப்படி இல்ல.

தாபெலொக் மதிப்பெண்ணைப் பார்த்து மிரளாதீங்க. 5க்கு 3.5 எடுத்தாலே அது நல்ல கடை. 4ஐத் தாண்டுனது அபூர்வம். நம்ம டெலிவரி ஆப்ல 4.2 வாங்குற பரோட்டாக் கடையோட சேர்த்து வச்சுப் பார்க்கக் கூடாது.

விலை போட்டிருக்கிறதுக்கும் பில்லுக்கும் நடுவுல பெரிய பள்ளம். 30,000 யென் கோர்ஸ், சேவைக் கட்டணம் 15 சதவீதம்னா 34,500. அது மேல 10 சதவீத வரி, 37,950. குடிக்கிறது தனி. டீ பெரும்பாலும் இலவசம், பாட்டில் தண்ணி கேட்டா காசு. அதனால 40,000 வரம்புன்னா 30,000 கோர்ஸ்தான் உங்க உச்சம். டிப்ஸ் கிடையாது, வைக்காதீங்க, பின்னாலயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பாங்க. பில் கட்டுறப்ப மெஷின் ரூபாயா யென்னான்னு கேட்டா யென்னை அமுக்குங்க. ரூபாய்னா அவங்க வச்ச மாத்து விகிதம், நஷ்டம்.

ரத்து விதி கடுமை. முந்தின நாள், அன்னைக்குன்னா முழுத் தொகை. நாலு பேர்ல ஒருத்தர் வரலைன்னாலும் அந்த இருக்கைக்குக் கட்டணும். கவுண்டர்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க, பதினஞ்சு நிமிஷம் லேட்டானா முதல் ரெண்டு மூணு அயிட்டம் போச்சு, சில இடத்துல இடமே போச்சு. திருச்சி-சிங்கப்பூர்-டோக்கியோன்னு மாறிப் போறீங்க. இறங்குற அன்னைக்கு இரவு எதையும் போட்டுடாதீங்க.

உணவு விலக்கை ஆங்கிலத்துல மட்டும் எழுதுனா போதாது. இதைப் பதிவுக் குறிப்புல போடுங்க: ‘நிகு, சகானா, காய், தமாகோ, கட்சுவோ-தாஷி வா தாபேராரேமாசென். கொம்பு தோ ஷிடாக்கே நோ தாஷி வா தாய்ஜோபு தேசு.’ அதாவது இறைச்சி, மீன், சிப்பி வகை, முட்டை, சூரைத் தாஷி சாப்பிட முடியாது. கொம்பு, ஷிடாக்கே தாஷி பரவாயில்லை. ஓட்டல்ல கொடுத்து ஜப்பான் எழுத்துல ஒரு தாள்ல எழுதி வாங்கிக்குங்க. மத்த மூணு பேருக்கு ‘க்யூநிகு, புதாநிகு வா தாபேராரேமாசென்’, மாடும் பன்றியும் வேண்டாம்னு. கைசெகியிலயும் சுட்ட அயிட்டம் வர்ற இடத்துல வாக்யூ வைக்கிற கடைகள் இப்ப அதிகம். கடைசி இனிப்புல ஜெலட்டின் இருக்கான்னும் கேளுங்க. பழைய முறைக் கடைன்னா காந்தென் போடுவாங்க, அது நாகூர்ப் பக்கம் நோன்புக்குக் காய்ச்சுற கடல்பாசி சாமான்தான், அம்மா சாப்பிடலாம்.

நாகைத்துறை (நாகப்பட்டினம்)

தேதி பற்றி ஒன்று. தோயோசு சந்தை ஞாயிறு விடுமுறை, பல வாரங்களில் புதனும் விடுமுறை. சுஷிக் கடைகளும் அதை ஒட்டியே மூடும். திறந்திருக்கும் கடையிலும் முந்திய நாள் சரக்குதான். ஊறவைத்துப் பக்குவப்படுத்தும் மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை, சிப்பி வகைக்கு உண்டு. செவ்வாய், வியாழன், வெள்ளி பாருங்கள். நவம்பர் 23 அங்கே தேசிய விடுமுறை. அது ஞாயிறில் விழுந்தால் திங்களும் விடுமுறை. கியோட்டோவில் இலைகள் சிவக்கும் உச்சமும் அந்த நாட்கள்தான், மதிய இருக்கைகள் முதலில் தீர்ந்துபோகும். கியோட்டோவை முதலில் பதிவு செய்துவிட்டு டோக்கியோவை அதைச் சுற்றி நகர்த்துங்கள்.

பருவமும் பார்க்க வேண்டும். ஜப்பான் கடல் பக்கத்து ஆண் நண்டு நவம்பர் 6ஆம் தேதி திறக்கும். அதற்குப் பிறகு சில கடைகளில் நண்டு சேர்த்த கோர்ஸ், சேர்க்காத கோர்ஸ் என்று இரண்டு விலை இருக்கும். நண்டு நம் கடலோரத்தில் கிடைக்காத பொருளா? சேர்க்காததையே எடுங்கள். பருத்த டர்னிப்பைத் துருவி மீன் மேல் போர்த்தி ஆவியில் வேகவைக்கும் கபுராமுஷி, எபி-இமோ என்கிற சேப்பங்கிழங்கு வகை, கின்னான் கொட்டை எல்லாம் அப்போது வரும். மட்சுதாக்கே காளான் முடிகிற நேரம், அதன் பெயரைச் சொல்லி விலை ஏற்றிய கோர்ஸுக்கு ஏமாற வேண்டாம். கியோட்டோ என்றதும் எல்லாரும் எழுதுகிற ஹமோ விலாங்கு கோடைகால மீன், நவம்பரில் அதைத் தேட வேண்டாம்.

குடமுருட்டி (திருவையாறு)

வடவாறு அண்ணன் சொன்னதில் ஓரளவுக்கு மாறுபடுகிறேன். கிக்குனோயை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். தனி அறை என்பதால் நாலு பேரும் சேர்ந்து உட்காரலாம், மதிய கோர்ஸ் இரவைவிடக் கணிசமாகக் குறைவு, சமையல் ஒன்றேதான். அம்மாவுக்குத் தனி வரிசை தருகிறோம் என்று எழுத்தில் பதில் வந்தால் அதைப் பெரிய சாப்பாடாக வைத்துக்கொள்ளலாம். பதில் ‘முயல்கிறோம்’ என்று வந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நேராக மறுக்க மாட்டார்கள். அப்போது தாய்கோதான்.

கைசெகியில் எதைக் கவனிப்பது என்றால் மூடி போட்ட கிண்ணமும் பச்சை மீனும்தான் அந்தச் சமையலின் உயிர் என்பார்கள். கிண்ணம் வந்ததும் பேசிக்கொண்டிருக்காமல் திறக்க வேண்டும், முதல் ஆவியில்தான் யூசு எலுமிச்சைத் தோல் மணம். அரக்குக் கிண்ணத்தின் மூடி சூட்டில் இறுகிக்கொள்ளும். இழுக்காதீர்கள், சூப் மடியில் கொட்டும். இடது கையால் கிண்ணத்தின் பக்கவாட்டை லேசாக அமுக்கினால் காற்றுப் புகுந்து மூடி தானே விடும். மூடியைச் சாய்த்து நீரைக் கிண்ணத்துக்குள்ளேயே வடித்துவிட்டு, மல்லாத்தி ஓரமாக வைக்க வேண்டும். முதலில் சாறை மட்டும் ஒரு வாய். உப்பு குறைவாகத் தெரியும், அது அப்படித்தான் இருக்கும். கிண்ணத்தின் அடிக்கு வரும்போது சரியாக இருக்கும்படி போட்டிருப்பார்கள்.

கடைசியில் மண்சட்டிச் சோறு வரும். மீந்தால் உருண்டை பிடித்துக் கட்டித் தருகிற கடைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். புளிக்காய்ச்சலை மட்டும் அங்கே வெளியே எடுக்காதீர்கள்.

மனைவியிடமும் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அன்றைக்குத் தலையில் மல்லிகைப்பூ வேண்டாம், ஜவ்வாது, சென்ட் வேண்டாம். கவுண்டரில் பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிடுவது உங்கள் பூ வாசனையை, கடைக்காரர் வாய் திறக்காவிட்டாலும் முகம் சுருங்கும். கண்ணாடி வளையல், கல் மோதிரம் கழற்றிப் பைக்குள். ஒரே பலகையில் இழைத்த ஹினோக்கி மர மேடையிலும் அரக்குப் பாத்திரத்திலும் கீறல் விழும். சாக்ஸ் கட்டாயம், கிழியாததாக. செருப்பை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

அரசலாறு (கும்பகோணம்)

அப்படியென்றால் இப்படி வைத்துக்கொள்கிறேன்: கிக்குனோய்க்கு மதிய வேளை கேட்டு, நாற்காலி அறை, அம்மாவின் தாஷி விவரம் எல்லாம் ஜப்பான் மொழியில் ஓட்டல் வழியாக அனுப்புகிறேன். பதில் தெளிவாக வராவிட்டால் பெரிய சாப்பாடு தாய்கோவில் இரவு. டோக்கியோவில் ஒரு வியாழனோ வெள்ளியோ நாங்கள் மூன்று பேர் கொந்தோ அல்லது க்யூபேய் மதியம். அந்த நேரம் அம்மா ஓட்டல் அறையில் தயிர் சாதம் போதும் என்கிறார். க்யூபேயா கொந்தோவா என்பதில் மட்டும் இன்னும் இழுபறி.

நாகைத்துறை (நாகப்பட்டினம்)

அப்பா பச்சை மீனுக்குத் தயங்கினால் கொந்தோ. தயங்காவிட்டால் க்யூபேய். இரண்டுமே கின்சாதான், எது கிடைக்கிறதோ அதை முதலில் பிடியுங்கள். கொந்தோ ஒன்பதாவது மாடி, தெருவில் பெரிய பலகை எதிர்பார்க்காதீர்கள், கட்டடப் பெயர் சகாகுச்சி. பத்து நிமிடம் முன்னதாகப் போய்க் கீழே லிஃப்ட் அருகில் நில்லுங்கள்.

வடவாறு (தஞ்சாவூர்)

ஜப்பானுக்குத் தயிர் சாதப் பாக்கெட் எடுத்துட்டுப் போறீங்கன்னா பால் பொருள் பத்தின சுங்க, தனிமைப்படுத்தல் விதியைப் பார்த்துக்குங்க. அரிசியை அங்கேயே மைக்ரோவேவ் சாதக் கிண்ணமா வாங்கலாம், எந்த கன்வீனியன்ஸ் கடையிலயும் இருக்கும், சர்க்கரை போடாத தயிரும் அங்கேயே கிடைக்கும். சர்க்கரை இல்லாததுன்னா டப்பாவுல ‘முதோ’ன்னு போட்டிருக்கும். ஆனா சில தயிர்ல ஜெலட்டின் சேர்ப்பாங்க, பின்பக்கம் பார்த்து வாங்குங்க.